குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ், பிரேவ், சஃபாரி: எந்த பிரவுசரை வைத்துக்கொள்வது?

கேள்வி: 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப். குரோம் ரேமைத் தின்கிறது என்கிறார்கள். எட்ஜ், பிரேவ், பயர்பாக்ஸ் இவற்றில் எதற்கு மாறலாம்? போனில் எது நல்லது?

பதில்:

பெயரை விட்டுவிட்டு உள்ளே ஓடும் எஞ்சினை, அதாவது தளத்தின் நிரலைப் படித்துத் திரையில் பக்கமாகக் காட்டும் பகுதியைப் பாருங்கள். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி எல்லாமே பிளிங்க் என்ற ஒரே எஞ்சினில் ஓடுபவை. ஓபரா தன் சொந்த எஞ்சினை 2013-இல் கைவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் எட்ஜை பிளிங்குக்கு மாற்றியது. சஃபாரிக்கு வெப்கிட், பயர்பாக்ஸுக்கு கெக்கோ. ஆகவே ஒரு தளம் குரோமில் மக்கர் செய்கிறது என்று எட்ஜுக்குப் போனால் பெரும்பாலும் அங்கேயும் அதே கதைதான். பயர்பாக்ஸில் திறந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

ரேம் விஷயத்தில் குரோமின் மேல் உள்ள பழி பாதிதான் உண்மை. ஸ்பெக்டர் என்ற பிராசசர் ஓட்டை 2018-இல் வெளிவந்த பிறகு, ஒரு தளம் இன்னொரு தளத்தின் நினைவகத்தைப் படித்துவிடாமலிருக்க ஒவ்வொரு தளத்தையும் தனி பிராசஸில் (தனக்கென நினைவகம் உள்ள தனி இயக்கமாக) ஓட்ட ஆரம்பித்தது குரோம். ரேம் கூடுதலாகப் போவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பயர்பாக்ஸும் 2021-இல் அதே வழிக்கு வந்துவிட்டதால் பழைய இடைவெளி இப்போது அவ்வளவு இல்லை.

மாறுவதற்கு முன் உங்கள் கணினியிலேயே அளந்துவிடுங்கள். குரோமைத் திறந்து ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் நாம் சேர்க்கும் துணை நிரல்) எவ்வளவு ரேம் எடுக்கிறது என்ற பட்டியல் வரும். விண்டோஸில் எட்ஜ், பயர்பாக்ஸ் இரண்டிலும் இதே விசைகள் வேலை செய்யும். ஒரே 10 தளங்களை ஒவ்வொன்றிலும் திறந்து, ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன்களை முதலில் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது பிரவுசரை அல்ல, அவற்றை. பல சமயம் குற்றவாளி மூடாமல் விட்ட ஒரே ஒரு வீடியோ டேப்பாகத்தான் இருக்கும்.

8 ஜிபிக்கு உண்மையில் முக்கியம், பார்க்காத டேப்பை எது எப்படிக் கையாள்கிறது என்பது. எட்ஜ் அதை உறங்க வைக்கிறது: பக்கம் நினைவகத்திலேயே இருக்கும், அதன் வேலைகள் மட்டும் நிற்கும், திரும்பி வந்தால் உடனே விழித்துக்கொள்ளும். குரோமின் மெமரி சேவர் டேப்பை நினைவகத்திலிருந்தே இறக்கிவிடும். ரேம் அதிகம் மிச்சம். ஆனால் திரும்பும்போது பக்கம் மறுபடி லோடு ஆகும், உள்நுழைவு காலாவதியாகியிருந்தால் எரிச்சல்தான். எப்போதும் விழித்திருக்க வேண்டிய மின்னஞ்சல், அரட்டைத் தளங்களை அமைப்பில் விதிவிலக்காகச் சேர்த்துவிடுங்கள். பயர்பாக்ஸ் விண்டோஸில் நினைவகம் தீரும் தறுவாயில்தான் தானாக டேப்பை இறக்கும். நிறைய டேப் திறந்து வைப்பவருக்கு எட்ஜ் பொருந்தும் என்பது என் கணிப்பு. அதன் குறை, ஷாப்பிங் யோசனை, செய்தி, உதவியாளர் என்று முகப்பில் குவியும் இரைச்சல். அமைப்பில் ஒவ்வொன்றாக அணைக்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

அடுத்தது விளம்பரத் தடுப்பு. பயர்பாக்ஸ் இன்னும் தேவைப்படுவது இங்கேதான். முன்பெல்லாம் பக்கம் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் எக்ஸ்டென்ஷனே பார்த்து, விடலாமா தடுக்கலாமா என்று முடிவெடுத்தது. மேனிஃபெஸ்ட் 3 என்ற எக்ஸ்டென்ஷன்களுக்கான புதிய விதிமுறை வந்த பிறகு குரோமில் அந்த அதிகாரம் போய்விட்டது. விதிப்பட்டியலை முன்கூட்டியே பிரவுசரிடம் கொடுக்க வேண்டும், தடுப்பது பிரவுசர். அதனால்தான் யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன் குரோமில் நின்றுபோய், அதன் லைட் பதிப்பு மட்டும் இருக்கிறது. சாதாரணத் தளங்களுக்கு லைட் போதும். ஆனால் தளத்தின் சொந்த முகவரிபோல வேடமிட்டு வரும் கண்காணிப்பு நிரல்களை, முகவரியின் பின்னணியைத் தேடிப் பிடிக்கும் வசதி பயர்பாக்ஸில் ஓடும் முழுப் பதிப்புக்கே உண்டு. பிரேவ் இதில் தனி: தடுப்பான் எக்ஸ்டென்ஷனாக இல்லாமல் பிரவுசருக்குள்ளேயே இருப்பதால் இந்த மாற்றம் அதைத் தொடவில்லை. கிரிப்டோ வாலட், ரிவார்ட்ஸ் பொத்தான்களை முதல் நாளே மறைத்துவிட்டால் நல்ல பிரவுசர்.

பயர்பாக்ஸின் பலவீனம், குரோமில் மட்டும் சோதித்து வெளியிடப்படும் தளங்கள். யுஎஸ்பி வழியே கருவியை நேரடியாக இணைக்கும் பக்கங்களும் அதில் ஓடாது. சஃபாரியிலும் ஓடாது. அந்த வசதியைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி இரு தரப்பும் சேர்க்கவில்லை. இதற்காகவே ஒரு பிளிங்க் பிரவுசரைக் கூடவே வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

போனுக்கு வருவோம். ஆண்ட்ராய்டில் எக்ஸ்டென்ஷன் வேண்டுமென்றால் பயர்பாக்ஸ்; குரோமில் அது கிடையாது. ஐபோனில் நீங்கள் குரோம் போட்டாலும் பயர்பாக்ஸ் போட்டாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான். ஐரோப்பிய ஒன்றியம் போலச் சட்டம் கட்டாயப்படுத்திய இடங்களில் மட்டும் ஆப்பிள் விலக்கு தந்திருக்கிறது. எனவே பழைய ஐபோனில் தளம் உடைந்து தெரிந்தால் பிரவுசரை மாற்றிப் பயனில்லை. வெப்கிட் புதுப்பிப்பு ஐஓஎஸ் புதுப்பிப்போடுதான் வரும். மேக்கில் பேட்டரி நீடிக்க வேண்டுமானால் சஃபாரி.

மாறும்போது இரண்டு இடங்களில் கவனம். புக்மார்க்குகள் பிரச்சினையில்லாமல் வந்துவிடும். கடவுச்சொற்கள் சில சமயம் நேரடியாக வராது. அப்போது பழைய பிரவுசரிலிருந்து சிஎஸ்வி (வெறும் எழுத்துப் பட்டியல்) கோப்பாக இறக்கிப் புதியதில் ஏற்றுங்கள். அந்தக் கோப்பில் எல்லாக் கடவுச்சொற்களும் அப்பட்டமாக இருக்கும். ஏற்றியதும் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். இன்னொன்று, பயர்பாக்ஸ் ஒத்திசைவின் (புக்மார்க், கடவுச்சொற்களை உங்கள் எல்லாக் கருவிகளிலும் ஒன்றாக வைக்கும் வசதி) சாவி உங்கள் கணக்கின் கடவுச்சொல்லிலிருந்தே உருவாகிறது. மறந்துபோய் புதிதாக அமைத்தால் சர்வரில் உள்ள தரவு போய்விடும். கணினியில் உள்ள பிரதி மட்டுமே மிஞ்சும். கணக்கு திறந்த அன்றே மீட்புச் சாவியை உருவாக்கி, அச்சிட்டுப் பத்திரமாக வைத்துவிடுங்கள்.