ஐந்து தொழிலாளர்களை ‘ஹேவிங்’ செய்யலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் சிறிய அளவில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தி வருகிறேன். வெளியூர் வியாபாரி ஒருவருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தில் ‘வீ ஆர் ஹேவிங் ஃபைவ் வொர்க்கர்ஸ்’ என்று எழுதியிருந்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் அதை அடித்துவிட்டு ‘வீ ஹேவ்’ என்று திருத்தினாள். காரணம் கேட்டால், “அது அப்படித்தான்ப்பா” என்கிறாள். இத்தனை ஆண்டுகளாக நான் எழுதி வந்தது பிழையா? (பட்டறை உரிமையாளர், சேலம்)

பதில்: மகள் திருத்தியது சரிதான். ஆனால் ‘அப்படித்தான்’ என்பது விடையாகாது. உங்கள் பிழைக்குத் தக்க காரணம் உண்டு. அந்தக் காரணம் ஆங்கிலத்தில் இல்லை, நம் தமிழில் இருக்கிறது.

‘ஹேவ்’ என்னும் வினைக்கு நேரான ஒற்றை வினை நம் அன்றாடப் பேச்சில் கிடையாது. ஒரு பொருள் நம்முடையது என்று சொல்ல வேண்டுமானால், அது நம்மைச் சார்ந்து ‘இருக்கிறது’ என்கிறோம். எந்த வகையில் சார்ந்திருக்கிறது என்பதை வேற்றுமை உருபு காட்டிக்கொடுத்துவிடுகிறது. ‘எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்’ என்பது உறவு. ‘என்னிடம் நூறு ரூபாய் இருக்கிறது’ என்பது கைவசம் உள்ள பணம். இவ்விரண்டையும் மாற்றி, ‘என்னிடம் ஒரு மகள் இருக்கிறாள்’ என்று சொல்லிப் பாருங்கள், கேட்பவர் திடுக்கிட்டுப் போவார். ‘பட்டறையில் ஐந்து பேர் இருக்கிறார்கள்’ என்னும்போது இட உருபு வருகிறது. ‘எனக்குக் காய்ச்சல்’ என்னும்போதோ வினையே தேவைப்படவில்லை. தமிழ் இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கும் நான்கையும் ஆங்கிலம் ‘ஹேவ்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது.

பிழை நுழையும் இடம் ‘இருக்கிறோம்’ என்ற சொல். ‘எழுதிக்கொண்டிருக்கிறோம்’ என்றால் ‘வீ ஆர் ரைட்டிங்’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். ஆகவே ‘ஐந்து பேரை வைத்திருக்கிறோம்’ என்று மனம் சொன்னதும் ‘இருக்கிறோம்’ ‘ஆர்’ ஆகிவிடுகிறது, ‘வைத்து’ என்பது ‘ஹேவிங்’ ஆகிவிடுகிறது. இந்தியிலும் ‘ஹேவ்’ போன்ற தனி வினை இல்லை. இந்தி பேசுவோரும் இதே பிழையைச் செய்வதால் நாம் தனியாக வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ ஒரு நிலையைச் சொல்லும்போது ‘ஹேவிங்’ ஆவதில்லை. ஒரு செயலைச் சொல்லும்போது ஆகும். ‘வீ ஆர் ஹேவிங் லஞ்ச்’ சரி, ஏனென்றால் அங்கே சாப்பிடும் செயல் நடந்துகொண்டிருக்கிறது. ‘ஹி இஸ் ஹேவிங் எ பாத்’, அதாவது அவர் குளித்துக்கொண்டிருக்கிறார் என்பதும் அப்படியே. நாளைக்கு விருந்தினர் வருவது முடிவாகியிருந்தால் ‘வீ ஆர் ஹேவிங் கெஸ்ட்ஸ் டுமாரோ’ என்று தாராளமாகச் சொல்லலாம். மற்றபடி மகள், பணம், பட்டறை, தலைவலி எல்லாவற்றுக்கும் வெறும் ‘ஹேவ்’ போதும். ‘லஞ்ச்’ என்ற சொல் இருந்த இடத்தில் உங்கள் ஐந்து தொழிலாளர்களையும் வைத்துப் பார்த்தால் அந்த வாக்கியம் எப்படி ஒலிக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

கேள்விக்குச் சற்று வெளியே என்றாலும் இதையும் சொல்ல ஆசைப்படுகிறேன். ‘ஹேவ்’ பழைய ஆங்கிலத்தில் ‘ஹப்பன்’ என்று இருந்தது. பற்றுதல், கைப்பிடித்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. ஒலியிலும் பொருளிலும் ஒத்திருக்கும் லத்தீன் ‘ஹபேரே’ அதற்கு உறவில்லை என்பதும், ‘பிடி’ என்று பொருள்படும் ‘கபெரே’ என்ற லத்தீன் வினைதான் உறவு என்பதும் மொழியியலார் கண்ட வேடிக்கை. ‘ஐ ஹேவ் ரிட்டன் த லெட்டர்’ என்ற வாக்கிய அமைப்பும் தொடக்கத்தில் ‘எழுதப்பட்ட நிலையில் கடிதத்தை வைத்திருக்கிறேன்’ என்ற பொருளிலிருந்து வளர்ந்ததுதான். உடைமையைச் சொன்ன வினையே, முடிந்த செயலைச் சொல்லவும் துணைவினையாக வந்து உட்கார்ந்துகொண்டது. தமிழிலும் உடைமைக்கு ‘இரு’ (பணம் இருக்கிறது), முடிந்த செயலுக்கும் ‘இரு’ (எழுதியிருக்கிறேன்). கடிதத்தை எழுதி முடித்துவிட்டு, “எழுதி வெச்சிருக்கேன்” என்று மகளிடம் சொல்வீர்கள் அல்லவா? அந்தப் பழைய ஆங்கில வாக்கியத்தை நெருங்கிய தமிழ் அதுதான்.

கேள்வி: ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பாளராக இருக்கிறேன். விருந்தினரிடம் ‘டிட் யூ ஈட் டிபன்? டிட் யூ டிரிங்க் காஃபி?’ என்று கேட்டால், ‘ஹேவ்’ போட்டுக் கேள் என்கிறார் மேலாளர். இது வெறும் பகட்டா? (வாசகி, ஏற்காடு)

பதில்: பகட்டு இல்லை, பண்பு. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பாதித் தலைசுற்றலோடு வந்து இறங்கியவரிடம் ‘டிரிங்க்’ என்று கேட்பது பிழையன்று. ஆனால் வாயையும் தொண்டையையும் சுட்டிக் கேட்பது போல் இருக்கும். ‘வுட் யூ லைக் டு ஹேவ் சம் காஃபி?’ என்பது உபசாரம். தமிழிலும் ‘காபி சாப்பிடுறீங்களா?’ என்றுதான் கேட்கிறோம். காபியைக் குடிக்கத்தான் முடியும் என்று யாரும் வழக்குத் தொடுப்பதில்லை. டிபனுக்கும் காபிக்கும் பொதுவாக நிற்கும் நம் ‘சாப்பிடு’ செய்யும் வேலையையே அங்கே ‘ஹேவ்’ செய்கிறது.

உங்கள் மேசைக்கு இன்னொரு செய்தியும் பயன்படும். ‘டு யூ ஹேவ் எ ரூம்?’ என்று கேட்டால் ‘யெஸ், வீ டூ’ என்பதுதான் விடை. நம் ஊரில் பலரும் சொல்லும் ‘யெஸ், வீ ஹேவ்’ அங்கே பொருந்தாது. பிரிட்டிஷ் வழக்கில் ‘ஹேவ் யூ காட் எ ரூம்?’ என்று கேட்டால் மட்டும் ‘யெஸ், வீ ஹேவ்’ சரியாகும். கேள்வி எந்தச் சொல்லில் தொடங்குகிறதோ, அந்தச் சொல்லையே விடையில் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: ‘ஷி ஹேட் ஹேட் ஹெர் லஞ்ச் பிஃபோர் த பஸ் கேம்’ என்று ஒரு வாக்கியம் படித்தேன். ‘ஹேட்’ இரண்டு முறை வருவது அச்சுப் பிழையா? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், ஓமலூர்)

பதில்: பிழையில்லை. ‘பேருந்து வருவதற்குள் அவள் சாப்பிட்டிருந்தாள்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள்: ‘இருந்தாள்’ முதல் ‘ஹேட்’, ‘சாப்பிட்டு’ இரண்டாவது.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த பேரனிடம் ‘ஐ கட் மை ஹேர் யெஸ்டர்டே’ என்றேன். “நீங்களேவா வெட்டிக்கிட்டீங்க தாத்தா?” என்று சிரிக்கிறான். வீடு கட்டியதைச் சொன்னபோதும் அதே சிரிப்பு. (ஓய்வுபெற்ற ஊழியர், சூரமங்கலம்)

பதில்: கொத்தனாரும் சித்தாளும் வேலை செய்ய, பணம் கொடுத்து மேற்பார்வை பார்த்தவர் ‘வீடு கட்டினேன்’ என்று சொல்வது தமிழில் முழு உரிமையுள்ள வாக்கியம். ஆங்கிலேயரும் வீட்டைப் பற்றி அப்படிச் சொல்வதுண்டு என்பதால் அந்தச் சிரிப்பை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. முடி விஷயத்தில் மட்டும் பேரன் பக்கம் நியாயம் இருக்கிறது. வேலையைச் செய்தவர் வேறொருவர் என்றால் ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்று சொல்ல வேண்டும். சட்டை தைக்கக் கொடுத்தாலும் கண்ணாடியைப் பழுது பார்க்கக் கொடுத்தாலும் இதே அமைப்புத்தான். சொல் வரிசையில் மட்டும் கவனம் தேவை. ‘ஐ ஹேட் கட் மை ஹேர்’ என்று ‘கட்’டை முன்னால் தள்ளிவிட்டால், கத்தரிக்கோல் மறுபடியும் உங்கள் கைக்கே வந்துவிடும்.