குறுகிய வழி, உள்ளே பெரிய மரம்: ஆள் ஏறுவதா, மெஷினா?

கேட் அகலம் 1 மீட்டர்தான், பின்பக்கம் பெரிய மரம். ஆள் ஏறி வெட்டுவதா, மெஷின் கொண்டுவருவதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் மரம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

பட்டுப்போன மரம், அடியில் காளான் பூத்த மரம் என்றால் யாரையும் ஏற்றாதீர்கள். ஏறுபவரின் கயிறு தொங்குவதே அந்த மரத்தில்தான். கிளை முறிந்தால் ஆளும் கீழே. இங்கே ஸ்பைடர் லிஃப்ட் கைகொடுக்கும்; சிலந்திபோல் கால் விரித்து நின்று, ஆளைக் கூடையில் மேலே தூக்கும் மெஷின் இது. ரப்பர் பட்டையில் நகரும் இதன் சிறிய ரகங்கள், கால்களை மடக்கினால் 1 மீட்டருக்கும் குறைவான வழியில் நுழைந்துவிடும். ஆனால் நான்கு கால்களையும் விரிக்க இடமும் கெட்டியான தரையும் வேண்டும். கழிவுநீர்த் தொட்டியின் மூடிமேல் ஒரு கால் ஊன்றினால் கதை முடிந்தது.

நல்ல மரத்தில் கிளை கழிக்க மட்டும் என்றால் ஆள் கயிறு கட்டி ஏறினாலே போதும். சங்கிலி ரம்பத்தை முடுக்கும் முன் கவனியுங்கள்: மேலிருந்து தொங்கும் கயிறு தவிர, இடுப்பிலிருந்து இன்னொரு குட்டைக் கயிறு தண்டைச் சுற்றியிருக்க வேண்டும். ரம்பம் தவறி ஒன்றை அறுத்தாலும் மற்றது தாங்கும். காலில் இரும்பு முள் கட்டி ஏறுகிறாரா? சாய்க்கப்போகும் மரமென்றால் சரி. வாழவேண்டிய மரத்தில் ஒவ்வொரு குத்தும் பட்டைக்கு அடியிலுள்ள உயிர்த்திசுவைக் கிழித்து, நோய் நுழைய வாசல் திறந்துவிடும்.

அப்புறம், முதுகை ஒடிப்பது வெட்டுவதல்ல, வெட்டியதை வெளியே இழுப்பது. அதற்கு மினி லோடர் (சுமையைத் தூக்கி நகர்த்தும் சின்ன வண்டி) இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. வேருள்ள இடத்தில் பலகை விரித்து அதன்மேல் ஓட்டச் சொல்லுங்கள்; மண் இறுகினால் வேருக்குக் காற்று போகாது.