கழுவிய காலைக் கழுவுவது

வணக்கம் ஐயா,

புதுச்சேரியில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். எங்கள் தேவாலயப் பங்கு இளைஞர்கள் எட்டு பேர், ஞாயிறு பூசை முடிந்ததும் ரயிலடியிலிருந்து கடற்கரைச் சாலை வரை, வீதியில் படுத்திருப்பவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறோம். இப்போது எங்களுக்குள் சண்டை. பொட்டலத்தோடு ஒரு ஜெபச் சீட்டு வைக்க வேண்டும், இயேசுவின் பெயரைச் சொல்லாவிட்டால் இது வெறும் சமூக சேவை என்று சிலர் சொல்கிறார்கள். சோற்றோடு சீட்டு வைப்பது தூண்டில் போடுவது என்பது என் கட்சி. சிலர் பொட்டலத்தை விற்றுக் குடிக்கிறார்கள் என்றும் பேச்சு இருக்கிறது. படம் எடுத்துப் போடலாமா என்பதிலும் தகராறு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அ., முத்தியால்பேட்டை

அன்புள்ள தம்பி,

படம் எடுக்காதீர்கள். வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று மத்தேயு நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது, அது போதும். குடிப்பவர்கள் விஷயம்: நம் ஊரில் தெருவுக்குத் தெரு பிராந்திக் கடை. உங்கள் பொட்டலம் இல்லாவிட்டாலும் குடிப்பவர் குடிப்பார். பசித்தவரிடம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்காதீர்கள்.

சீட்டுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். அந்த மனிதர்களின் கால்களைப் பார்த்திருக்கிறீர்களா?

இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைக்கும் பெரிய வியாழன் முடிந்ததிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். பத்து வயதில், கடலூரில் எங்கள் கோயிலில், பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரில் ஒருவனாக என்னையும் உட்கார வைத்தார்கள். அன்று மத்தியானம் அம்மா என்னைக் கிணற்றடியில் நிறுத்தி, பீர்க்கங்கூட்டால் குதிகாலைத் தேய் தேய் என்று தேய்த்தாள். நக இடுக்கு அழுக்கை ஈர்க்குச்சியால் எடுத்தாள். "சாமியார் தொடப்போற காலுடா" என்றாள். சாயங்காலம் சாமியார் என் முன்னால் மண்டியிட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுத் துடைத்தார். துண்டில் ஒரு கறை இல்லை. அன்று என் காலைக் கழுவியது அம்மாதான் என்று புரிய எனக்கு நாற்பது வருடம் ஆனது.

புரிய வைத்தவர் ஒரு பெரியவர். ஆறேழு வருடம் முன்னால், இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்குப் பக்கத்தில், சுப்பையா சாலை நடைபாதையில் படுத்திருந்தார். நானும் அப்போது உங்களைப்போலப் பொட்டலத்தோடு போய்க்கொண்டிருந்தவன்தான். அவர் தலைமாட்டில் ஏற்கெனவே ஐந்து பொட்டலங்கள். ஒன்றில் எறும்பு மொய்த்திருந்தது. நான் நீட்டிய ஆறாவதை அவர் வாங்கவில்லை. "சோறு கெடக்குது சாமி. இந்த நகத்த வெட்டி உட முடியுமா?" என்று காலை நீட்டினார். பெருவிரல் நகம் ஆட்டுக்கொம்பு மாதிரி தடித்து, வளைந்து, பக்கத்து விரலின் சதையில் இறங்கியிருந்தது. எத்தனை மாதமாக அந்தக் காலோடு நடந்தாரோ. கடையில் ஓடிப்போய் வாங்கி வந்த நகவெட்டியின் வாய்க்குள் அந்த நகம் நுழையவே இல்லை.

எனக்கு முடி வெட்டுகிறவரிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை, வருகிறேன் என்றார். நெற்றியில் விபூதியோடு வந்தார். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊற வைத்தார். நான் அவசரப்பட்டேன். "ஊறட்டும் சார். இப்ப வெட்டுனா சதையோட வரும்." அரை மணி நேரம் அந்தக் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாளித் தண்ணீர் காப்பி நிறத்துக்கு வந்தது. மூன்று தடவை மாற்றினோம்.

தம்பி, கடைசி இராவுணவில் இயேசு அப்பத்தைப் பிட்டுக் கொடுத்ததை மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்று பேரும் எழுதியிருக்கிறார்கள். யோவான் எழுதவில்லை. அதே இரவைச் சொல்லும்போது அவர் அப்பத்தை விட்டுவிட்டுத் தண்ணீரைச் சொல்கிறார்: பந்தியிலிருந்து எழுந்தார், மேலாடையைக் கழற்றினார், துண்டை இடுப்பில் கட்டினார், சீடர்களின் காலைக் கழுவினார். நாம் அப்பத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம். அப்பம் கொடுக்கத் தொட வேண்டியதில்லை. நீட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்.

ரோமிலும் இதே கதைதான். பாப்பரசர் பிரான்சிசின் தர்ம காரியங்களைக் கவனித்த பேராயர், தெருவில் இருந்த ஒருவரைச் சாப்பிடக் கூப்பிட்டார். என் மேல் நாற்றமடிக்கிறது, வரமாட்டேன் என்று அவர் முதலில் மறுத்தார். இந்த ஊரில் யாரும் பசியால் சாவதில்லை, குளிக்கத்தான் இடமில்லை என்றாராம். 2015இல் புனித பேதுரு சதுக்கத்துத் தூண்களுக்குப் பக்கத்தில் குளியலறையும் முடி வெட்டும் இடமும் திறந்தது அதற்குப் பிறகுதான். முடி வெட்டத் தொண்டர்கள் வருவது திங்கட்கிழமை, அங்கே சலூன்களுக்கு அன்றுதான் விடுமுறை. நமக்குச் செவ்வாய். செவ்வாய் நமக்கு அந்தோணியார் நாளும்கூட.

குளிக்க வைக்க நாங்களும் இடம் தேடினோம். ஒரு கோயிலில், எதென்று சொல்ல விரும்பவில்லை, வளாகத்துக் குழாயடியைக் கேட்டோம். இடம் அசுத்தமாகிவிடும் என்றார்கள். அதே வளாகத்தில் பெரிய வியாழனன்று பன்னிரண்டு நாற்காலி போடுகிறார்கள்! எனக்கு இன்றும் ஆறவில்லை. 2013இல் வந்த மத்திய அரசின் நகர்ப்புற வீடற்றோர் விடுதித் திட்டத்தில் குளியலறையும் கழிப்பறையும் கட்டாயமாக இருந்தன. நகரத்தில் லட்சம் பேருக்கு நூறு பேர் தங்கும் விடுதி என்பது அதன் கணக்கு. ஒரு அரசாங்கக் காகிதத்துக்குத் தோன்றியது நமக்குத் தோன்றவில்லையே.

சீட்டா? அந்தச் செவ்வாய்க்கிழமை நடைபாதையில் யாருடைய பெயரையும் யாரும் சொல்லவில்லை. உங்கள் நண்பர்களைக் கூட்டி வாருங்கள். ஊறும் காலைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காரட்டும். அதற்குப் பிறகும் சீட்டு வைக்கத் தோன்றினால் என்னிடம் வந்து பேசட்டும்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். சர்க்கரை இருப்பவர், கால் மரத்துப்போனவர், ஆறாத புண் உள்ளவர் யாருடைய நகத்தையும் நீங்கள் வெட்டக் கூடாது. வெட்டுப்பட்டால் அவருக்கே தெரியாது, விரலே போய்விடும். ஜிப்மருக்கோ அரசு பொது மருத்துவமனைக்கோ கூடவே போங்கள். மருத்துவமனைச் சீட்டு எழுதி வரிசையில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள், மருத்துவர் பார்க்கும் வரை இருங்கள்.

இரண்டு வாளி, கல்லுப்பு, வெந்நீருக்கு ஒரு பெரிய பிளாஸ்க். துண்டு புதிதாக வாங்க வேண்டாம். வீட்டில் நாலைந்து வருடம் துவைத்த பழைய துண்டுதான் ஈரத்தை நன்றாக இழுக்கும்.