இறுகிய போல்ட்டுக்கு யார் பணம் தருவது?

கேள்வி: தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து மூட்டை ஏற்றும் சிறிய லாரி ஒன்றை வாங்கி நானே ஓட்டுகிறேன். பின்பக்கக் கமானில், அதாவது உருக்குப் பட்டைகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங்கில், ஒரு பட்டை உடைந்துவிட்டது. மாற்றித் தரக் கூலி 3,500 ரூபாய் என்று பேசி வண்டியை விட்டேன். மாலையில் போனால், கமானை அச்சோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டுகளும், அதன் முனையைப் பிடிக்கும் ஷேக்கிள் பின்னும் துருவில் இறுகிவிட்டன, கேஸ் வைத்து வெட்ட வேண்டியதாயிற்று என்று கூடுதலாக 2,400 ரூபாய் கேட்கிறார்கள். இது நியாயமா?

பதில்: பாதி நியாயம். உப்பு ஏற்றும் வண்டியின் அடியில் ஒரு போல்ட் ஸ்பானருக்கு அடங்கி வந்தால்தான் அதிசயம். இரும்பு துருவாக மாறும்போது பருமன் கூடுகிறது. நட்டின் மரைக்கும் போல்ட்டின் மரைக்கும் நடுவில் உள்ள மயிரிழை இடைவெளியை அந்தத் துரு அடைத்து நெருக்குகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மழை இல்லாத மாதங்களிலும் இந்த வேலை நிற்பதில்லை. எனவே போல்ட்டோடு மல்லுக்கட்டிய நேரத்துக்கும் புதிய யூ போல்ட்டுக்கும் பணம் கேட்பது தவறல்ல.

ஆனால் உங்கள் ஊர்ப் பட்டறைக்காரருக்கு இது தெரியாத விஷயமா? வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்தாலே தெரிந்திருக்கும். வெட்ட வேண்டி வந்தால் தனிக் கூலி என்று காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும். வெட்டுமுன் ஒரு போன் செய்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால் கூடுதல் தொகையைக் குறைத்துப் பேச உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பேசுவதற்கு முன் கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்குங்கள். நட்டின் ஆறு முனைகளும் மழுங்கி வட்டமாகியிருந்தால், தேய்ந்த ஸ்பானரையோ அளவு பொருந்தாத ஸ்பானரையோ போட்டு வழுக்கவிட்டிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் சொல்லலாம். அந்தச் செலவு பட்டறையுடையது. முனைகள் சரியாக இருந்து, தண்டு மெலிந்து செதில் செதிலாக உதிர்ந்தால் அது துருவின் கைவரிசை, செலவு உங்களுடையது. தண்டு முறிந்திருந்தால் முறிந்த முகத்தைப் பாருங்கள். ஒரு பகுதி பழுப்பாகவும் மீதி பளபளப்பாகவும் இருந்தால், அந்தப் போல்ட்டில் முன்பே விரிசல் இருந்திருக்கிறது. அதற்காக மெக்கானிக்கைக் கோபிக்க முடியாது.

முறையான வேலை எப்படி நடக்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, முந்தைய நாள் மாலையே எண்ணெய் விட்டு ஊறவைப்பார்கள். மறுநாள் ஆறு முனைகளையும் கவ்வும் சாக்கெட்டைப் போட்டு, கழற்றும் பக்கம் திருப்புவதற்கு முன் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அசைத்துப் பார்ப்பார்கள். ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும், துருவின் பிடி விட்டுவிட்டது என்று அர்த்தம். பிறகு கால் சுற்று வெளியே, சற்று உள்ளே, மறுபடி எண்ணெய் என்று போகும். நட்டு கிறீச்சிடும்போது பலம் போட்டுத் திருகுபவர் போல்ட்டை முறிப்பவர். இதற்கும் மசியாவிட்டால் நட்டைச் சூடாக்குவது, கடைசியில் வெட்டுவது. யூ போல்ட் விஷயத்தில் நேரடியாக வெட்டினாலும் நான் குறை சொல்லமாட்டேன். எப்படியும் தூக்கி எறிய வேண்டிய சாமான் அது. இரண்டு மணி நேரக் கூலியைக் கொடுத்து அதைக் காப்பாற்றுவதில் லாபம் இல்லை.

எதை வைத்து, எங்கே வெட்டினார்கள் என்பதுதான் முக்கியம். கிரைண்டரால் நட்டுப் பக்கம் வெட்டியிருந்தால் கவலையில்லை. கேஸ் தீயைக் கமானுக்கு அருகில் கொண்டுபோயிருந்தால் கவலைப்பட வேண்டும். பட்டையின் வளையும் பலம், உருக்கைக் காய்ச்சிக் குளிர்வித்துப் பதப்படுத்தியதால் வந்தது. மறுபடி கடுமையாகச் சூடேறினால் அந்தப் பதம் போய்விடும். வண்டியை எடுப்பதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டையில் நீலம் பாய்ந்த தடமோ, உருகிய இரும்பு தெறித்து ஒட்டிய புள்ளிகளோ இருந்தால், அதே இடத்தில் பிற்பாடு விரிசல் விடலாம். அந்தப் பட்டையை மாற்றித் தரச் சொல்லுங்கள். 2,400 ரூபாய்த் தகராறைவிட இது பெரியது.

கேள்வி: துரு நீக்க எந்த ஸ்பிரே வாங்கலாம்? கடையில் எதைக் கேட்டாலும் டபிள்யூ.டி.-40 டப்பாவைத்தான் நீட்டுகிறார்கள்.

பதில்: அந்தப் பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளும் நீரை அகற்றுவதைக் குறிப்பவை, அதற்காகத்தான் 1953-ல் அதை உருவாக்கினார்கள். லேசான துருவுக்கு அது உதவும். கமான் போல்ட் போன்ற முரட்டு இடத்துக்கு, மரைக்குள் ஊடுருவுவதற்கென்றே தயாரித்த எண்ணெய் வேண்டும். அதே நிறுவனம் அப்படி ஒன்றைத் தனியாக விற்கிறது. வேறு நிறுவனங்களும் விற்கின்றன. டப்பாவின் முகப்பைவிட, பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து வாங்குங்கள். எதை வாங்கினாலும் ஐந்து நிமிடத்தில் பலன் தெரியாது, இரவு முழுக்க ஊற வேண்டும். ஸ்பிரே அடித்த கையோடு தீயைக் காட்டாதீர்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தில் தீயே கூடாது. சூட்டில் அதிலிருந்து நச்சு வாயு கிளம்பும்.

கேள்வி: முழுதாகக் கழன்றுவந்த யூ போல்ட்டைச் சுத்தம் செய்து திரும்பப் போடலாமா?

பதில்: வேண்டாம். இறுக்கும்போது ஒருமுறை இழுபட்ட போல்ட் அது. மரையும் துருவில் அரித்திருக்கும். புதியது போட்ட பின் பாரம் ஏற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நட்டுகளை மறுபடி முடுக்கச் சொல்லுங்கள். பட்டைகள் படிந்து உட்காரும்போது போல்ட் தளரும். இந்த மறுமுடுக்கைக் கூலிக்குள் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள். மரையில் கிரீஸ் தடவினால் அதே முடுக்குக்குப் போல்ட் கூடுதலாக இழுபடும் என்பதையும் மெக்கானிக்கிடம் நினைவூட்டுங்கள்.

கேள்வி: கமான் பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டை உதிரிபாகக் கடையில் வாங்கினேன், சில வாரங்களிலேயே முறிந்தது. தலையில் எந்த எண்ணும் இல்லை. “இது தொழில் வண்டி, நுகர்வோர் சட்டம் செல்லாது” என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: உங்கள் விஷயத்தில் உண்மையல்ல என்றே நினைக்கிறேன், வண்டியை நீங்களே ஓட்டிப் பிழைக்கிறீர்கள் என்றால். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வியாபாரத்துக்காக வாங்குபவரை விலக்குகிறது. ஆனால் சுயதொழிலால் பிழைப்பதற்கு மட்டுமே வாங்குபவரை விலக்கவில்லை. லக்ஷ்மி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம், லாரி வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான், முற்றிலும் மற்றவரை வைத்தே ஓட்டுபவர் அல்லர் என்று உதாரணம் காட்டியே விளக்கியிருக்கிறது. ஒத்தாசைக்கு ஓர் ஆள் இருப்பதால் மட்டும் உரிமை போய்விடாது.

அடுத்த முறை எண் பொறித்த போல்ட்டாகவே கேளுங்கள். 8.8 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசை தாங்க வேண்டியது; 10.9 என்றால் 1,000. எது வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். எண்ணே இல்லாத போல்ட் மலிவாகக் கிடைக்கும், ஆனால் கமானுக்கு உதவாது.

முறிந்த துண்டுகளையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். பில் தர மறுப்பதையே நியாயமற்ற வணிக முறை என்கிறது அதே சட்டம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதில் முடியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கடை வேறு ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.