பழைய ஆக்டிவிட்டி டயகிராம் புது டூலில் நின்றுவிடுவது ஏன்?

வணக்கம். 2003-ல் யூஎம்எல் (மென்பொருள் வடிவமைப்பைப் படமாக வரையும் மொழி) 1.4-ல் வரைந்த ஆர்டர் ஆக்டிவிட்டி டயகிராமை, அதாவது வேலைகளின் ஓட்டத்தைக் கட்டங்களும் அம்புகளுமாகக் காட்டும் படத்தை, இப்போதைய டூலில் ஓட்டினால் 'பணம் பெறு' கட்டத்திலேயே நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். டூலில் பிழை இல்லை. இடையில் விதியே மாறிவிட்டது.

யூஎம்எல் 1.x பதிப்புகளில் ஆக்டிவிட்டி டயகிராம் ஸ்டேட் மெஷினின் (ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு நகரும் மாதிரி) ஒரு வகை. ஒரு கட்டத்துக்குள் இரண்டு அம்புகள் வந்தால், எது வந்தாலும் வேலை தொடங்கிவிடும். யூஎம்எல் தரத்தைப் பராமரிக்கும் ஓஎம்ஜி அமைப்பு 2005-ல் வெளியிட்ட 2.0-ல், பெட்ரி நெட் என்ற கணித மாதிரியின் பாணியில், டோக்கன் (ஓட்டம் எங்கே இருக்கிறது என்று காட்டும், அம்பு வழியே நகரும் அடையாளம்) கணக்கில் இதை அடியோடு மாற்றினார்கள். இப்போது எல்லா அம்புகளிலும் டோக்கன் வந்தால்தான் கட்டம் ஓடும். உங்கள் படத்தில் 'கார்டு மறுக்கப்பட்டது' என்று திரும்பும் அம்பு நேராக 'பணம் பெறு'வுக்குள் நுழைகிறது. முதல் சுற்றில் அதில் டோக்கன் எப்படி வரும்? அதனால்தான் காத்துக்கொண்டே இருக்கிறது.

அந்தக் கட்டத்துக்கு முன்னால் ஒரு மெர்ஜ் வைரம் (எந்த அம்பில் டோக்கன் வந்தாலும் காத்திருக்காமல் அப்படியே கடத்திவிடும் வைர வடிவக் குறி) போட்டு, இரண்டு அம்புகளையும் அதில் சேர்த்து, ஒரே அம்பாக உள்ளே விடுங்கள். சரியாகிவிடும்.

மாற்றம் நல்லதுதான், இணையாக ஓடும் வேலைகளை இப்போது தெளிவாகக் காட்ட முடிகிறது. ஆனால் பழைய படத்தை உள்ளே கொண்டுவரும்போது டூல்கள் இதை எச்சரித்தே ஆகவேண்டும் என்பது என் கருத்து.

அப்புறம், வெளியே போகும் அம்புகளையும் பாருங்கள். நிபந்தனை எழுதாமல் ஒரு கட்டத்திலிருந்து இரண்டு அம்புகள் கிளம்பினால், 2.x-ல் இரண்டு வழியும் ஒருசேர ஓடும்.