பெரிய கால்பந்து கிளப்புகள் சரிவதற்கு ஓனர்களும் நிர்வாகமும் எந்த அளவுக்குக் காரணம்?

பெரும்பாலும் அவர்கள்தான் காரணம் என்பேன். தோற்ற மறுநாள் நாம் பிளேயரைத் திட்டுவோம், மேனேஜரைத் திட்டுவோம். ஆனால் அந்தப் பிளேயரை அந்த விலைக்கு வாங்கியது யார், அந்த மேனேஜரை எதற்காகக் கூட்டி வந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால், சில வருடங்களுக்கு முன்னால் நிர்வாகம் எடுத்த ஒரு முடிவில் போய் நிற்கும். நான் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் ஏறக்குறைய 79 கோடி பவுண்டுக்கு யுனைடெட்டை வாங்கியது. அதில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனை அடைக்கும் பொறுப்பு கிளப்பின் தலையில் விழுந்தது. அதுவரை கடனே இல்லாமல் இருந்த கிளப் அது. யாரோ ஒருவர் கடன் வாங்கி வீட்டை வாங்கிவிட்டு, வட்டியைக் குடியிருப்பவர்களிடம் வசூலித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் டிக்கெட், டிவி, ஸ்பான்சர் என்று வந்த வருமானத்திலிருந்து வருடா வருடம் வட்டி போனது. கோபப்பட்ட ரசிகர்களில் ஒரு பகுதியினர் அதே வருடம் பிரிந்து போய் எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று சொந்தமாக ஒரு கிளப்பே தொடங்கினார்கள்.

ஆனால் சரிவு உடனே கண்ணில் படவில்லை. அதற்கப்புறம் எட்டு வருடத்தில் ஐந்து முறை இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக் பட்டம், 2008இல் ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக். மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன் என்ற ஒரு மனிதர் நிர்வாகத்தின் ஓட்டைகளையெல்லாம் தன் திறமையால் அடைத்துக்கொண்டிருந்தார். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது பேலன்ஸ் ஷீட்டை யார் பார்ப்பார்கள்? எச்சரித்த ரசிகர்கள் 2010இல் பச்சையும் தங்கநிறமும் கலந்த ஸ்கார்ஃப் போட்டுக்கொண்டு ஸ்டேடியத்துக்கு வந்தார்கள். கிளப்பின் பழைய பெயரான நியூட்டன் ஹீத்தின் நிறங்கள் அவை. அணி நன்றாக ஆடிக்கொண்டிருந்ததால் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2013 கோடையில் ஃபெர்குசன் ஓய்வு பெற்றார். அதே நேரத்தில் தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் விலகினார். எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இதுதான். பிளேயர் வாங்கத் தெரிந்த இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் போகவிட்டார்கள். கில்லின் இடத்துக்கு வந்த எட் வுட்வர்ட் வங்கித் துறையிலிருந்து வந்தவர். ஸ்பான்சர் பிடிப்பதில் கெட்டிக்காரர். கால்பந்து முடிவுகளும் அவர் மேசைக்கே போயின. கால்பந்து இயக்குநர் என்று ஒரு பதவியை யுனைடெட் உருவாக்கியது 2021 மார்ச்சில்தான்.

நடுவில் இருந்த வருடங்களில் நடந்ததைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பல கிளப்புகள் இப்படித்தான் கீழே போகின்றன. ஒரு பிளேயருக்கு நான்கு, ஐந்து வருட காண்ட்ராக்ட் போடுவார்கள். மேனேஜருக்கோ இரண்டு வருடம் தாண்டுவதே பெரிய பாடு. டேவிட் மோய்ஸுக்கு ஆறு வருட ஒப்பந்தம் கொடுத்துவிட்டு பத்து மாதத்தில் அனுப்பினார்கள். வான் கால் வந்தார், பந்தைத் தன்வசமே வைத்துக்கொள்ளும் அணி கட்டினார். எஃப்ஏ கோப்பையை ஜெயித்த கையோடு அவரையும் அனுப்பினார்கள். பிறகு வந்த மொரீன்யோவின் ஆட்டம் முற்றிலும் வேறு. மேனேஜர் போய்விடுவார், அவர் கேட்டு வாங்கிய ஆட்கள் பெரிய சம்பளத்தோடு அங்கேயே இருப்பார்கள். புதியவர் வேறு மாதிரி ஆட்களைக் கேட்பார். இப்படி மூன்று நான்கு மேனேஜர்களின் மிச்சம் ஒரே டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்திருந்தால் அது எப்படி ஓர் அணியாகும்? 2014இல் ஏறக்குறைய 6 கோடி பவுண்டு கொடுத்து வாங்கிய டி மரியா ஒரே சீசனில் பாரிஸுக்குப் போனார். அவர் மோசமான பிளேயரா? 2022 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் கோல் அடித்தவர்!

ஸ்டேடியத்தின் கதையும் இதேதான். 2024 மே மாதம் ஆர்சனலுடன் ஆடிய அன்று பெய்த மழையில் யுனைடெட்டின் ஸ்டேடியமான ஓல்ட் டிராஃபோர்டின் கூரையிலிருந்து தண்ணீர் அருவி மாதிரி கொட்டியது. அடுத்த சீசனில் யுனைடெட் லீக்கில் 15ஆவது இடம்.

"ஓனர் பணம் போடாததுதான் பிரச்சினை" என்று சிலர் சொல்வதை நான் முழுதாக ஏற்க மாட்டேன். இன்னொரு இங்கிலாந்து கிளப்பான பிளாக்பர்னைப் பாருங்கள். 1995இல் பிரீமியர் லீக் சாம்பியன். 2010 நவம்பரில் புனேவைச் சேர்ந்த வெங்கீஸ் நிறுவனம் அதை வாங்கியது. அடுத்த மாதமே மேனேஜர் சாம் அலார்டைஸை நீக்கினார்கள். அணி அப்போது 13ஆவது இடத்தில் இருந்தது, அவ்வளவு சின்ன கிளப்புக்கு அது கௌரவமான இடம். அவருக்குப் பதிலாக, முதன்மை மேனேஜராக அனுபவமே இல்லாத ஸ்டீவ் கீன் வந்தார். வருடக்கணக்காகக் கிளப்பை நடத்திய சேர்மன் ஜான் வில்லியம்ஸும் சில மாதங்களில் போய்விட்டார். 2012 மே மாதம், சொந்த மைதானத்தில் விகனிடம் தோற்று அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. வெங்கீஸ் கோழி வியாபாரம் என்பதால் ரசிகர்கள் அன்று மைதானத்துக்குள் ஒரு கோழியையே விட்டார்கள். அடுத்த சீசனில் மேனேஜராக ஹென்னிங் பெர்க்குக்கு 57 நாள், மைக்கேல் ஆப்பிள்டனுக்கு 67 நாள், அவ்வளவுதான். 2017இல் மூன்றாம் டிவிஷன். இத்தனைக்கும் அந்த ஓனர்கள் நஷ்டத்தையெல்லாம் தங்கள் கையிலிருந்து ஈடுகட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பணம் வந்தது. அதை எங்கே போடுவது என்று சொல்லத் தெரிந்த ஆட்கள்தான் பக்கத்தில் இல்லை.

லீட்ஸ் யுனைடெட் இன்னொரு விதம். வருங்கால டிக்கெட் வருமானத்தை ஈடாக வைத்து 6 கோடி பவுண்டு கடன் வாங்கினார்கள். 2001இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனார்கள், ஆனால் லீக்கில் ஒரே ஒரு புள்ளியில் மூன்றாவது இடத்தை லிவர்பூலிடம் விட்டதால் அடுத்த வருடம் அந்தப் போட்டிக்கே தகுதி கிடைக்கவில்லை. வராத பணத்தை முன்கூட்டியே செலவழித்தாகிவிட்டது. டிஃபெண்டர் ரியோ ஃபெர்டினாண்டை விற்றார்கள், 2004இல் கீழ் டிவிஷனுக்கு இறங்கினார்கள், அதே வருடம் ஸ்டேடியத்தையும் விற்றார்கள். மறுபடி பிரீமியர் லீக்குக்கு வர 2020 ஆனது.

நல்ல ஓனர் இருந்தும் விழுவது உண்டா என்றால் உண்டு. லெஸ்டர் ஓர் உதாரணம். 2016இல் பிரீமியர் லீக் சாம்பியன், 2023இல் அந்த லீக்கிலிருந்தே வெளியே. சரியான நேரத்தில் விற்காத பிளேயர் டீலமான்ஸ் காண்ட்ராக்ட் முடிந்து ஒரு பைசா வராமல் போனார். அதுவும் நிர்வாக முடிவுதான், கெட்ட எண்ணம் இல்லை என்பது மட்டும் வித்தியாசம்.

ஓனர் மாறினால் சரியாகிவிடுமா என்று அடுத்து கேட்பீர்கள். 2024இல் பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் யுனைடெட்டில் கால்பங்குக்கு மேல் வாங்கி, கால்பந்து நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்தபோது நானும் ரொம்பவே நம்பினேன். அந்த ஜூலையில் மேனேஜர் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள், அக்டோபரில் நீக்கினார்கள். அவருக்கும் அவருடைய கோச்களுக்கும் நஷ்டஈடாக ஒரு கோடி பவுண்டுக்கு மேல் போனது. செலவைக் குறைக்க வேண்டும் என்று சுமார் 250 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியதும் அதே வருடம்தான். மாதக்கணக்கில் காத்திருந்து நியூகாசில் கிளப்பிலிருந்து கொண்டுவந்த விளையாட்டு இயக்குநர் டான் ஆஷ்வர்த் ஐந்து மாதத்தில் வெளியேறினார். டென் ஹாக்கின் இடத்துக்கு நடு சீசனில், மூன்று டிஃபெண்டர்களோடு மட்டுமே ஆடும் அமோரிமைக் கூட்டி வந்து, நான்கு டிஃபெண்டர் ஆட்டத்துக்காகச் சேர்த்த பிளேயர்களை அவர் கையில் கொடுத்தார்கள்.