லைன் போனால் கூரையும் படுத்துவிடும்

கூரையில் 5 கிலோவாட் சோலர் போட்டோம். "இனிக் கரண்ட் பிரச்சினையே இல்லை ரீச்சர்" என்றார்கள். போன கிழமை பட்டப்பகலில் லைன் போனது. வெளியே வெயில் கொளுத்துகிறது, வீட்டில் ஒரு பேன் கூடச் சுற்றவில்லை. பொருள் பழுதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆரையம்பதி

பொருள் பழுதில்லை ரீச்சர், விற்றவரின் வாய்தான் பழுது. உங்களுக்குத் தந்திருப்பது ஒன்-கிரிட் இன்வேட்டர், அதாவது சோலர் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற, லைனோடு சேர்ந்தே ஓடுகிற பெட்டி. மின்சார சபை லைன் நின்றால் அதுவும் நிற்கும், நிற்கத்தான் வேண்டும். இல்லையென்றால் கம்பத்தில் ஏறி வேலை செய்கிற பிள்ளைக்கு உங்கள் கூரைக் கரண்ட் பாயும்.

கரண்ட் பில்லைக் குறைக்கிற சோலர் வேறு, இருட்டில் கைகொடுக்கிற சோலர் வேறு. இரண்டாவதற்கு ஹைபிரிட் இன்வேட்டரும் பற்றரியும் வேண்டும், காசும் கூடுதல். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் இருட்டில் கிடந்த சனம் நாம். அந்தப் பயத்தைக் காட்டி முதலாவதை விற்றுவிட்டுப் போகிறார்கள். எனக்கு வயிறு எரிவது இதில்தான். வாங்கப் போகிறவர்கள் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "மெயின் சுவிட்சை இறக்கினால் என்னென்ன ஓடும்?" பதிலை விலைக்கூற்றில் எழுதி வாங்குங்கள். அவர் ஏற்கெனவே பூட்டிய வீடொன்றில் இறக்கியும் காட்டட்டும்.

நீங்கள் வாங்கி 3 மாதம் தாண்டவில்லை என்றால், அவர்கள் அனுப்பிய மெசேஜ், துண்டுப் பிரசுரம் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். தொலைபேசி 1977.

12 வோல்ட், 100 ஆம்பியர் பற்றரி. ரைஸ் குக்கர் போட்டால் சோறு வேகுமுன்னே நின்றுவிடுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
— அக்கரைப்பற்று

இல்லை, நீங்கள்தான் கணக்குப் பார்க்கவில்லை. 12ஐ 100ஆல் பெருக்கினால் 1200. ஈயப் பற்றரியில் பாதியை மிச்சம் விடாவிட்டால் அது சீக்கிரம் செத்துப்போகும். ஆக, கையில் இருப்பது 600 வாட் மணி. குக்கர் 700 வாட் இழுக்கிறது, முழுதாக ஒரு மணி நேரம் கூடத் தாங்காது. 60 வாட் பேன் என்றால், இன்வேட்டரில் வீணாவது போக, இரவு 8 மணி நேரம் சுற்றும். சோற்றை அடுப்பில் வையுங்கள்.

பழைய ஜெனரேட்டர் ஒன்று, மலிவாகக் கிடைத்தது. பில் இல்லை. கிணற்று மோட்டரை இழுக்கவில்லை. திருப்பிக் கொடுக்கலாமா?
— ஏறாவூர்

யாரிடம்? பில்லும் இல்லை, மோட்டரைக் கொழுவிப் பார்க்கவும் இல்லை.

சரி, நானும் யோக்கியன் இல்லை. 2022இல் '3.5 கேவிஏ' என்று வலுவைச் சொன்ன ஸ்டிக்கரை நம்பி ஒன்று வாங்கினேன். 1 குதிரைவலு மோட்டர் ஓடும்போது கேட்பதைப் போலப் பல மடங்கை, கிளம்பும் அந்த நொடியில் கேட்கும். என்னுடையது ஒரு தரம் உறுமிவிட்டு அணைந்தது. மெக்கானிக் கழற்றிப் பார்த்தார்: உள்ளே செம்புக் கம்பி இல்லை, மலிவான அலுமினியம். இப்போது அதன் மேல் கோழி அடைகாக்கிறது.

களவு போகும் என்று ஜெனரேட்டரைக் குசினிக்குள் வைத்து ஓட்டுகிறோம். ஜன்னல் திறந்துதான் இருக்கும்.
— வாழைச்சேனை

இன்றைக்கே வெளியே எடுங்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மொனொக்சைட் என்ற உயிர்குடிக்கும் வாயுவுக்கு மணமே இல்லை. களவு போனால் ஜெனரேட்டர் மட்டும்தான் போகும்.

சோலர் பூட்டியவர், உற்பத்தி குறைவதற்கு எங்கள் தென்னைதான் காரணம், வெட்டுங்கள் என்கிறார்.
— திருக்கோவில்

வெட்டாதீர்கள். ஒரு பனலில் ஓலை நிழல் விழுந்தால், வரிசையாகக் கோத்த மற்றப் பனல்களின் உற்பத்தியும் சேர்ந்து குறையலாம், உண்மை. ஆனால் அவர் பூட்ட வந்த அன்றும் தென்னை அங்கேதான் நின்றது. பனலை நகர்த்தச் சொல்லுங்கள், கூலியும் அவருடையது.